முதல் பத்தியில் ஊற்றிய எண்ணெய்

அனுஷாவைத் தனக்கு எந்த நாளிலிருந்து பிடிக்காமல் போனது என்று பத்மப்ரியாவால் துல்லியமாகச் சொல்ல முடியும். ஆவணி மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை, காலை பதினொன்றரை மணி. அதற்கு முன்பும் லேசான எரிச்சல் இருந்ததுதான். பொறாமை என்று தனக்குத் தானே ஒப்புக்கொள்ளும்படி ஆனது அன்றைக்குத்தான்.

'தென்வாசல்' நாளிதழின் திருவனந்தபுரம் பதிப்பில் பத்மப்ரியா பத்தொன்பது வருடமாக உதவி ஆசிரியராக இருந்தாள். நிருபர்கள் அனுப்பும் செய்தியைத் திருத்தி, முதல் பத்தியைச் சரிசெய்து, தலைப்பு வைத்துப் பக்கத்தில் ஏற்றுவது அவள் வேலை. கரமனை அக்ரஹாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். செய்திக்கு மேலே அவள் பெயர் வராது. ஆனால் ஊரில் எது மோசமானாலும் அதை எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியும்.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போல.

பஸ் கட்டணம் கூடிய வாரத்திலேயே டீசல் விலையும் கூடினால் எண்ணெய். கட்சிக்குள் இரண்டு பேர் முறைத்துக்கொண்டிருக்கும்போது மூன்றாமவர் பேட்டி கொடுத்தால் எண்ணெய். மழை விடாத ஊரில் அணையையும் திறந்துவிட்டால், தண்ணீரே ஆனாலும் எண்ணெய்தான். மலையாளப் பத்திரிகைகளும் 'எரிதீயில் எண்ண' என்று அதையேதான் தினமும் எழுதின என்பதால் இரண்டு மொழியும் படிக்கிற இந்த ஊர்க்காரர்களுக்கு அது நாக்கில் பழகின ருசி. ஆசிரியர் நாகேஸ்வரன் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "முதல் பாரா சப்புன்னு இருக்கே பத்மா, கொஞ்சம் எண்ணெய் ஊத்தேன்" என்பார். அவள் ஊற்றுவாள். அந்த வாசகம் அவளுடையது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அனுஷாவுக்கு மட்டும் தெரியாது. அவள் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இருபத்தாறு வயது. அப்பா இசக்கி நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து கழக்கூட்டத்திலேயே தங்கிவிட்டவர். அனுஷா படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழை, அப்பா வாங்கிப்போடும் நாளிதழைப் பார்த்துத் தானாகவே எழுதக் கற்றுக்கொண்டவள். அவள் அனுப்பும் செய்தியில் திருத்துவதற்கு அதிகம் இருக்காது. என்ன நடந்தது, அடுத்து என்ன நடந்தது, யார் என்ன சொன்னார். அவ்வளவுதான். அதைப் படித்து முடிக்கும்போது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். நாகேஸ்வரன் அவற்றில் இரண்டைச் சத்தமாகப் படித்துக்காட்டியிருந்தார். பத்மப்ரியா எழுதிய எதையும் அவர் சத்தமாகப் படித்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன், ஒரு மாதத்துப் பத்திரிகையை வாசகர் போலப் படித்துவிட்டு வந்து சொல்லும்படி நாகேஸ்வரன் அனுஷாவிடம் சொல்லியிருந்தார். அவள் ஒரு நோட்டோடு எழுந்து நின்றாள்.

"முப்பத்தோரு நாள்ல நாப்பத்து மூணு தடவை 'எரிகிற தீயில் எண்ணெய்' வந்திருக்கு சார். ஒரே பக்கத்துல மூணு தடவை வந்த நாளும் உண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஒண்ணுலயும் தீ எது, எண்ணெய் எது, ஊத்தினது ஆருன்னு இல்ல. என்னமோ மோசமாயிட்டுன்னு மட்டும்தான் தெரியுது. என்ன ஆச்சுன்னு தெரியல. நானும் சின்னதுல அதைப் படிச்சிட்டு பயந்திருக்கேன். பிறகு எங்கப்பாகிட்ட கேட்டா, அவருக்கும் தெரியாது."

மறுபடி சிரிப்பு. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் நாகேஸ்வரன். சிரித்துக்கொண்டே அவர் மேஜையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், பத்மப்ரியா இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை. நாற்பத்து மூன்றில் குறைந்தது முப்பத்தைந்து தன்னுடையது என்று பத்மப்ரியா மனசுக்குள் கணக்குப் போட்டாள். வாயை இழுத்துச் சிரிக்கவும் செய்தாள்.

அதற்குப் பிறகு அனுஷாவின் எந்தச் செய்தி வந்தாலும் முதலில் ஒரு தப்பைத் தேடினாள். ஒற்றெழுத்து விட்டிருந்தால் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அது எவ்வளவு அற்பம் என்று தெரிந்தும் வந்தது.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு கழக்கூட்டத்திலிருந்து அனுஷாவின் செய்தி வந்தது. ஐ.டி. கம்பெனிகளுக்குப் பின்னால் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய ஒட்டுவீடுகளில் தமிழ்த் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு தெருக்குழாய். செவ்வாயன்று தண்ணீர் வரவில்லை. புதனன்று குடியிருப்புச் சங்கத்தார் குழாயைச் சுற்றிக் கம்பி வைத்துப் பூட்டினார்கள். வியாழனன்று பெண்கள் போய்க் கேட்டார்கள், வாய்த்தகராறில் ஒரு பிளாஸ்டிக் குடம் உடைந்தது. சங்கச் செயலாளர் ஷிஜு, குடம் உடைந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, குழாய் திறக்கும் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். கூடவே ஒரு படம். ஒட்டுவீடுகளின் முகப்பில் வடைக்கடை போட்டிருக்கும் சுடலைமாடத்தி, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நிற்கிறாள். அவளுக்கு முன்னால் காலிக் குடங்கள் வரிசையாக.

பத்மப்ரியா அதை இரண்டு தடவை படித்தாள். ஒற்றெழுத்துகூட விட்டுப்போகவில்லை. ஒரு குடத்தின் விளிம்பு போனதைப் பற்றி மூன்று வரி எழுதியிருந்தாள் அந்தப் பெண், அந்தக் குடத்துக்குச் சொந்தக்காரி உடைந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து அதில் அரிசி போட்டுக்கொண்டாள் என்று. நாகேஸ்வரன் இதையும் சத்தமாகப் படிப்பார். அது அவளுக்கு இப்போதே கேட்டது.

அவள் கை தானாகப் போயிற்று என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். தானாகவெல்லாம் போகவில்லை. நன்றாக யோசித்துத்தான் முதல் பத்திக்கு மேலே எழுதினாள்: 'ஏற்கெனவே தண்ணீர்த் தட்டுப்பாட்டால் கொதித்துக்கொண்டிருக்கும் கழக்கூட்டத்தில், எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போலத் தமிழ்த் தொழிலாளர்களும் களத்தில் இறங்கியுள்ளனர்.' தலைப்பில் 'போல' வைக்க இடம் போதாது. 'கழக்கூட்டத்தில் எரிகிற தீயில் எண்ணெய்' என்று பெரிய எழுத்தில் படத்துக்கு மேலே வைத்தாள். நீளம் கூடிவிட்டது என்று கடைசிப் பத்தியை வெட்டினாள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுவார்த்தை அந்தப் பத்தியில்தான் இருந்தது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் குடத்தின் விளிம்பை வெட்டியிருக்கலாம், அதை ஏனோ தொடவில்லை. மேலே 'அனுஷா இசக்கி' என்று பெயர் இருந்தது. அதை அப்படியே விட்டாள்.

நாகேஸ்வரன் பக்கத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் கூடுதலாகவே பார்த்தார். கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அந்தப் பக்கம் அடுக்குமாடிக்காரர்களின் வாட்ஸாப் குழுவுக்குப் போய்விட்டது. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. யாரோ தலைப்பை ஃபோனில் மொழிமாற்றிப் பார்த்தார்கள். தீ இருந்தது, எண்ணெய் இருந்தது, படத்தில் எண்ணெய்ச் சட்டியோடு ஒரு பெண் இருந்தாள். பத்து மணிக்கு மலையாளத்தில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்தது. குழாய்த் தகராறில் தமிழர்கள் எண்ணெய் ஊற்றித் தீ வைத்தார்கள், அவர்களுடைய பத்திரிகையே ஒப்புக்கொண்டிருக்கிறது, ஊற்றியவள் படத்தில் இருக்கிறாள். பதினொன்றரைக்கு ஓர் இணையச் சேனல் அதை எடுத்துப் போட்டது.

மத்தியானம் ஒட்டுவீடுகளுக்கு ஒரு போலீஸ் ஜீப் வந்தது. தீ எங்கே பிடித்தது என்று கேட்டார்கள். எங்கேயும் பிடிக்கவில்லை என்றார்கள் அங்கே இருந்தவர்கள். போலீஸ்காரருக்கும் அது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஆனாலும் விசாரணை முடிகிறவரைக்கும் வடைக்கடை வேண்டாம் என்று சுடலைமாடத்தியின் அடுப்பை அணைக்கச் சொல்லி, சிலிண்டரை உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுவார்த்தைக்கு ஷிஜு வரவில்லை. எங்கள் ஆட்கள் பயந்துபோயிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். குழாய் பூட்டியபடியே இருந்தது.

திங்கட்கிழமை அனுஷா அலுவலகத்துக்கு வந்தபோது கண் வீங்கியிருந்தது. நேராக பத்மப்ரியாவின் மேஜைக்கு வந்தாள். ஃபோனைத் திறந்து தான் அனுப்பிய செய்தியைக் காட்டினாள்.

"அக்கா, இந்த எண்ணெய் வரி நான் எழுதினதில்ல. கடைசி பாராவும் காணல. நீங்களாணோ மாத்தினது?"

பக்கத்து மேஜைக்காரர்கள் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டெஸ்க்ல எத்தனையோ கை படும் அனுஷா. எது யாரோடதுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

அனுஷா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஃபோனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு நாகேஸ்வரன் அறைக்குள் போனாள். கண்ணாடித் தடுப்பு வழியாகக் குரல் கேட்டது. அவர் கேள்வி கேட்டார். அவள், "மேல என் பேர் இருக்கு சார். பதில் சொல்ல வேண்டியது நான்தான்" என்றாள். ஃபோனை வெளியில் எடுக்கவே இல்லை.

இரண்டு வாரம் வெளியே போக வேண்டாம், உள்ளே உட்கார்ந்து ஏஜென்சி செய்தியை மொழிபெயர்க்கட்டும் என்று முடிவானது. பத்மப்ரியாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். காட்டிக்கொடுக்காமல் போய்விட்டாளே என்ற பொறாமைதான் வந்தது. அந்த வயதில், இத்தனை பேர் பார்க்க, அப்படி ஒரு பதில் தன் வாயில் வந்திருக்குமா? அந்தப் பெருமையையும் அனுஷாவே எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நாகேஸ்வரன் கூப்பிட்டார். "கழக்கூட்டத்துக்கு நீ போயிட்டு வா பத்மா. இப்போ என்ன நெலமைன்னு ஒண்ணு எழுது. உன் பேர்லயே போடலாம்."

பத்தொன்பது வருடத்தில் அவள் பெயர் வந்ததெல்லாம் கோயில் உற்சவங்களுக்கும் நவராத்திரிக் கச்சேரிகளுக்கும்தான். செய்திக்கு இதுவே முதல் தடவை. சரி என்றாள்.

மறுநாள் பத்து மணிக்குக் கழக்கூட்டத்தில் இறங்கி, நெடுஞ்சாலையின் லாரிகளைத் தாண்டி ஒட்டுவீடுகளுக்குப் போனாள். சுடலைமாடத்தி கடைத் தட்டியை இறக்கிவிட்டு அதன் முன்னால் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். தென்வாசலிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்தாள். திட்டுவாள் என்று பத்மப்ரியா எதிர்பார்த்தாள்.

"அனுஷா நல்லாருக்காளா? வேலையில எதுவும் சொல்லிட்டாவளா அவள?"

"இல்லை. ஆஃபீஸ்லதான் இருக்கா."

"நாலு நாளா இங்கன வரல. வெக்கப்பட்டுக்கிட்டு வரமாட்டேங்கா. அவ வீட்டு வாசல்ல நின்னு பேசுதவன் பேசத்தான் செய்தான், ஒன் மவ எழுதினதாலதான் எல்லாம்னு. இசக்கியண்ணன் ஒண்ணும் சொல்ல முடியாம நிக்காரு." அவள் ஸ்டூலைத் துடைத்து நகர்த்தினாள். "இருங்க. நான் சொல்லுதேன், அது அவ எழுதினதே இல்ல. அந்தக் கொடத்துக் கத இருக்கு பாத்தியளா, மாடம்மாள் கொடம், அது அவ எழுதினது. மேல உள்ள அந்த எண்ண கிண்ண எல்லாம் வேற ஆரோ போட்டது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும். ஆனா அவ எழுதினா தெரியும்."

பத்மப்ரியா நோட்டைத் திறந்தாள், மூடினாள். இது அவள் எழுதினது, இது அவள் எழுதாதது என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் ஒருத்தி சத்தியம் செய்கிறாள். தன்னுடைய எழுத்தைப் பற்றி அப்படிச் சொல்ல இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? கோபமாக வந்தது. கோபம் யார்மேல் என்று பிடிபடவில்லை. இரண்டு கேள்வி கேட்டாள், பதிலைக் குறித்துக்கொண்டாள், நான்தான் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் திரும்பி பஸ் ஏறினாள். தன் அற்பத்தனம் ஒரு பக்கம் இருக்க, அந்தப் பெண்மணி உட்காரச் சொல்லித் துடைத்துப் போட்ட ஸ்டூல் கண்ணை விட்டுப் போகவில்லை.

அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பெயரை முதலில் அடித்தாள், பத்மப்ரியா என்று. அதன் கீழே ஒரு வரியும் ஓடவில்லை. என்ன நடந்தது என்று எழுதினால், அதில் முதலில் நடந்தது அவள்.

எழுந்து நாகேஸ்வரன் அறைக்குப் போனாள்.

"சார், அந்த வரி நான் சேர்த்தது. கடைசி பாராவை எடுத்ததும் நான்தான். அவ அனுப்பினதுல அப்படி ஒண்ணும் இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும்."

"தெரியுமா?"

"உன் எண்ணெய் எனக்குத் தெரியாதா? பக்கம் பாக்கறச்சயே தெரிஞ்சுது."

"அப்போ ஏன் விட்டேள்?"

"மணி ஆறேமுக்கால். தலைப்பு எடுப்பா இருந்துது." அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்புறம், அவ சின்னப் பொண்ணு, தாங்கிப்பா. நீ இல்லேன்னா நாளைக்குப் பக்கம் போடறது யார்? இதை இத்தோட விடு பத்மா."

தன் எழுத்தை அடையாளம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது அப்படித்தான் அவளுக்குத் தெரியவந்தது. அதில் எந்தச் சந்தோஷமும் இல்லை.

"விட முடியாது சார். திருத்தம் போடணும். என் பேரையும் சேர்த்துப் போடுங்கோ."

"பேரெல்லாம் போடற வழக்கமில்லை."

அரைமணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் ஏழாம் பக்கத்தில் ஐந்து வரி என்று ஒத்துக்கொண்டார். கழக்கூட்டத்தில் எந்தத் தீயும் பிடிக்கவில்லை, யாரும் எண்ணெய் ஊற்றவில்லை, அந்த வாசகம் நிருபர் எழுதியது அல்ல, திருத்தும் மேஜையில் சேர்க்கப்பட்டது, பேச்சுவார்த்தை பற்றிய பகுதி விடுபட்டுப்போனது. பத்மப்ரியா அதைத் தானே அடித்தாள். உவமை இல்லாமல் அவள் எழுதிய ஐந்து வரி. அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் திருத்தம் வந்தது. நாகேஸ்வரன் அனுஷாவைக் கூப்பிட்டு வெளி வேலையைத் திருப்பிக் கொடுத்தார். அவள் பத்மப்ரியாவின் மேஜைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்பதற்காக பத்மப்ரியா எழுந்து நின்றாள்.

"எங்கிட்ட ஒண்ணும் பறைய வேண்டாம்" என்றாள் அனுஷா. "எனக்கு இப்போ கேக்க மனசில்ல. ஆனா ஏழாம் பக்கம் அங்க யாரும் படிக்கமாட்டாங்க. மாடத்தியக்காகிட்ட நீங்க நேர்ல போய் சொல்லணும். உங்க வாயால."

"சொல்றேன்."

"நாளைக்கே."

சின்னப் பெண் இப்படி ஆணை போடுகிறாளே என்று ஒரு கணம் சுர்ரென்றது. "நாளைக்கே" என்றாள்.

இந்தத் தடவை ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். சுடலைமாடத்திக்கு முதலில் புரியவில்லை, இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்களா போட்டிய?"

"ஆமா."

"எதுக்கு?"

பஸ்ஸில் வரும்போது ஒரு பதில் தயாராக்கி வைத்திருந்தாள். அவசரம், பழக்கம், இடப்பற்றாக்குறை என்று. அந்த முகத்துக்கு முன்னால் அது வரவில்லை.

"அவ நன்னா எழுதறா. என்னாலே பொறுத்துக்க முடியலை."

சுடலைமாடத்தி தன் கடையைத் திரும்பிப் பார்த்தாள். குடியிருப்பின் மாடியில் யாரோ துணி உதறினார்கள்.

"ஒங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளதுக்கு எங் கடதான் கெடச்சுதா" என்றாள் கடைசியில்.

பத்மப்ரியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைகுனிந்து நின்றாள்.

"சரி. அழுது என்ன ஆவப்போவுது. நேத்து சாயந்தரம் போலீஸ்காரர் வந்து கட தொறக்கச் சொல்லிட்டாரு, இங்கன ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டாராம். தொறந்தேன். ஒரு கம்பெனிப் புள்ளையும் வரல. தூரத்துல நின்னு பாத்துட்டுப் போவுதுவ. ஒங்களுக்கு மலையாளம் எழுதத் தெரியும்லா?"

"தெரியும். இங்கயே படிச்சவதான்."

"அப்பம் ஒரு அட்டையில எழுதிக் குடுங்க. நான் தட்டியில ஒட்டுதேன்."

உள்ளேயிருந்து ஒரு பழைய அட்டைப்பெட்டியின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள், ஸ்கெட்ச் பேனாவும். பத்மப்ரியா அதை மடியில் வைத்து உருண்டையான மலையாள எழுத்தில் கவனமாக எழுதினாள். இங்கே எந்தத் தீயும் பிடிக்கவில்லை, யாரும் எண்ணெய் ஊற்றவில்லை, கடை திறந்திருக்கிறது, விஷமிகள் மூட்டிய புரளி நெருப்பில் யாரும் விழவேண்டாம். எழுதி நீட்டினாள். கடைசி வரி தன்னையறியாமல் வந்ததை அவள் கவனிக்கவில்லை.

சுடலைமாடத்தி அட்டையை வாங்கி, ஃபோனில் படம் பிடித்தாள்.

"அனுஷாகிட்ட ஒரு வாட்டி காட்டிட்டு ஒட்டுதேன். தப்பா நெனைக்காதீய."

தப்பாகத்தான் நினைத்தாள். பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் எழுதியதைத் திருத்துகிறவள், வடைக்கடை வாசலில் தன் அட்டை திருத்தப்படுவதற்காகக் காத்து நின்றாள். வெயில் கழுத்தில் அடித்தது. ஐந்து நிமிஷத்தில் ஃபோன் ஒலித்தது. சுடலைமாடத்தி கேட்டு, "சரி தாயி, சரி" என்று வைத்தாள்.

"கடைசி வரி வேண்டாம்ங்கா. அதுல திரும்பவும் நெருப்பு வருதாம். மத்ததெல்லாம் போதும், வட சூடா இருக்குன்னு எழுதச் சொல்லுதா."

பத்மப்ரியா அந்த வரியைப் பார்த்தாள். காதுவரை சூடேறியது. "இன்னொரு அட்டை இருக்கா?" என்று கேட்டாள்.

இரண்டாவது அட்டை தட்டியில் ஏறியது. சிலிண்டரைத் திறந்து சுடலைமாடத்தி சட்டியை வைத்தாள். நாலு மணிவாக்கில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு பெண்கள் வந்து நின்று படித்தார்கள். ஒருத்தி தோழியைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். இரண்டு வடை கேட்டார்கள். குழாய் இன்னும் பூட்டித்தான் கிடந்தது, ஷிஜு அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

கிளம்பும்போது சுடலைமாடத்தி பழைய தென்வாசல் தாளில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

"ஆறு இருக்கு. நாலு அனுஷாவுக்கு. ரெண்டு ஒங்களுக்கு."

பஸ்ஸில் பொட்டலம் மடியில் சுட்டது. ஸ்ரீகாரியம் தாண்டும்போது அவள் தன் இரண்டையும் தின்றாள். நன்றாக இருந்தது, ஓரத்தில் மிளகு கடிபட்டது. மூன்றாவதை எடுக்கக் கை போயிற்று. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தாளை மடித்து மூடினாள். அலுவலகத்தில் அனுஷா யாரோடோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். பத்மப்ரியா பொட்டலத்தை அவள் மேஜைமேல் வைத்துவிட்டு, பக்கம் போட நேரமாகிவிட்டதென்று தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.